எல்.கே.ஜி.க்கு 'நோ' சொன்ன அக்கா!

உங்க வீட்டுல, இல்லேன்னா பக்கத்து வீட்டுல மூணு வயசுல ஒரு வாண்டு இருக்கா? அப்போ நீங்களும் கட்டாயம் இந்தக் கேள்வியைக் கேட்டிருப்பீங்க. 'பையனை எந்த ஸ்கூல்ல போட்டிருக்கீங்க?'

எங்க அக்கா ஒரு வருஷமா இதுக்கு ஒரே பதில்தான் சொல்றா. 'எங்கேயும் போடலை.' உடனே எதிர்ல நிக்கிறவங்க முகம் போற போக்கைப் பார்க்கணுமே! பையனுக்கு ஏதோ உடம்புக்கு முடியலைன்னு நினைச்சு 'உச்' கொட்டினவங்ககூட உண்டு.

அக்கா இருக்கிறது ஏற்காட்டில். சேலத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவு ஏறணும். மாமா ஒரு காப்பி எஸ்டேட்ல ரைட்டர். கதை எழுதுறவர் இல்லீங்க, கூலிக் கணக்கும் பழக் கணக்கும் எழுதுறவர். அவங்க பையனுக்கு இப்போ நாலு வயசு. முறைப்படி பார்த்தா அவன் எனக்கு மருமகன்! மெக்கானிக்கல் மூணாவது வருஷம் படிக்கிற பையனுக்கு மருமகன்னு சொன்னா காலேஜ்ல ஒருத்தனும் நம்ப மாட்டேங்கிறான்.

போன வருஷம் அவனை ஒரு ப்ளே ஸ்கூல்ல சேர்த்தாங்க. பேரு வேண்டாமே. சேர்த்த முதல் வாரமே பிஞ்சுக் கையில பென்சிலைத் திணிச்சு 'ஸ்டாண்டிங் லைன், ஸ்லீப்பிங் லைன்' ரெண்டு பக்கம் ஹோம்வொர்க். மூணாவது வாரத்துல ராத்திரி தூக்கத்துல அலற ஆரம்பிச்சான். நின்னுபோயிருந்த படுக்கை நனைக்கிற பழக்கம் திரும்ப வந்தது. அக்கா யோசிக்கவே இல்லை, நிறுத்திட்டா. 'இனிமே ஒண்ணாங்கிளாஸ்தான். அதுவரைக்கும் வீடு, தோட்டம், நான்.'

அம்மாவுக்கு வந்ததே கோபம்! 'ஊரு உலகத்துல இல்லாத வழக்கமா இருக்கேடி'ன்னு ஆரம்பிச்சு, ரெண்டு வாரம் போன்ல பேச்சுவார்த்தையே கிடையாது. அம்மாவைச் சும்மா பழசுன்னு ஒதுக்கிடாதீங்க. அவங்க ஊர்ல எட்டாவதுக்கு மேல பள்ளிக்கூடம் இல்லை. வெளியூர் அனுப்பத் தாத்தா சம்மதிக்கலை. பள்ளிக்கூடம் கைக்கெட்டாம போன ஒருத்தங்ககிட்ட 'பள்ளிக்கூடம் வேண்டாம்'னு சொன்னா எப்படி இருக்கும்? அக்காவும் சரி, அம்மாவும் சரி, ஒரே பயத்தை ரெண்டு பக்கத்திலிருந்து பார்க்கிறாங்கன்னு எனக்குத் தோணுது.

டிசம்பர் செமஸ்டர் லீவுக்கு அம்மா என்னை மலைக்கு அனுப்பி வெச்சாங்க, ஸ்பை வேலைக்கு! 'ஏ, பி, சி, டி தெரியுதான்னு பார்த்துட்டு வா.'

தெரியலை. 'எச்' வரைக்கும் வந்துட்டு ஓடிப் போயிடுறான். ஆனா நம்பர் எல்லாம் அத்துப்படி. எப்படின்னு கேட்டா, பஸ்ஸுல வரும்போது ஒவ்வொரு வளைவிலும் இருக்கிற போர்டைப் பார்த்துக் கத்துக்கிட்டானாம். 'மாமா, பதினேழுல எனக்கு வாந்தி வந்துச்சு'ன்னு பெருமையா வேற சொல்றான்.

அப்போ மலையில அரபிகா பழம் பறிக்கிற சீஸன். சிவந்த பழத்தை ரெண்டு விரலால பிதுக்கினா ஒட்டினாப்புல ரெண்டு கொட்டை வரும். தரையில உக்காந்து ரெண்டு ரெண்டா அடுக்கிட்டு இருந்தான். திடீர்னு ஒரு பழத்துல ஒண்ணே ஒண்ணு, உருண்டையா வந்தது. 'இன்னொண்ணு எங்க மாமா?' அதுக்குப் பேரு பீபெரி, பழத்துக்குள்ள ஒரு விதை மட்டும் வளர்ந்தா இப்படி உருண்டுக்கும்னு சொன்னேன். அவ்வளவுதான், அன்னிக்குச் சாயங்காலம் வரைக்கும் ஒத்தைக் கொட்டை வேட்டை! கிடைச்சதைத் தனிக் குவியலாப் போட்டு எண்ணினான். பதினெட்டை மட்டும் எப்பவும் முழுங்கிடுறான், பதினேழுக்கு அப்புறம் பத்தொன்பதுதான். அக்கா திருத்தவே இல்லை. 'ஒரு நாள் கொட்டை ஒண்ணு கணக்குல இடிக்கும், அப்போ அவனே தேடுவான்'கிறா. நானா இருந்தா அங்கேயே பிடிச்சு உக்கார வெச்சிருப்பேன்.

அக்கா வீட்டுல டைம்டேபிள் கிடையாது. காலையில கோழிக்குத் தீனி, மாமா கூடத் தராசு கிட்ட போய் நிக்கிறது, மதியம் தூக்கம், ராத்திரி கதை. கதை மட்டும் தினமும் கண்டிப்பா உண்டு.

'இது சட்டப்படி சரியா?'ன்னு நீங்க கேப்பீங்க. நானும் தேடிப் பார்த்தேன். 2009-ம் வருஷத்து கல்வி உரிமைச் சட்டம் கட்டாயம்னு சொல்றது 6 வயசிலிருந்து 14 வரைக்கும்தான். ஃபின்லாந்துல ஒண்ணாங்கிளாஸே ஏழு வயசுலதான் ஆரம்பிக்குது. நாம என்னடான்னா ரெண்டரை வயசுலயே அப்ளிகேஷன் ஃபாரத்துக்கு க்யூவுல நிக்கிறோம்!

இன்னொரு விஷயம். இப்போ தெருவுக்குத் தெரு போர்டுல தொங்குதே மாண்டிசோரி, அந்த அம்மையாரே நம்ம ஊர் மலையில இருந்தவங்க. 1939-ல அடையாறு பிரம்மஞான சபைக்கு வந்தாங்க. போர் வந்து, எதிரி நாட்டுக்காரங்கன்னு கட்டுப்பாடு போட்டு, 1942-லிருந்து 1944 வரைக்கும் கொடைக்கானல் வாசம். மலையும் செடியும் பூச்சியுமா குழந்தைங்க கூடவே இருந்தாங்க. குழந்தை கையால தொட்டுத்தான் யோசிக்குதுன்னு சொன்ன அவங்க பேருல, இப்போ சில இடத்துல ஸ்லீப்பிங் லைன் நடக்குது. கொடுமை!

இதோட நிறுத்தினா அக்காவுக்கு நான் கொடி பிடிச்ச மாதிரி ஆயிடும். எஸ்டேட்ல பழம் பறிக்க வர்ற ஒரு மலையாளி அக்காகிட்ட பேசினேன். (கேரளா இல்லீங்க. சேர்வராயன் மலையில காலங்காலமா இருக்கிற, தமிழ் பேசுற பழங்குடி மக்களுக்குப் பேரே மலையாளிதான்.) அவங்க சொன்னது சுருக்குன்னு இருந்தது. 'உங்கக்காவால வீட்டுல இருந்து பார்த்துக்க முடியுது தம்பி. நான் பறிக்கப் போகலேன்னா அடுப்பு எரியாது. அங்கன்வாடி டீச்சர் இல்லேன்னா புள்ளைய இடுப்புல கட்டிக்கிட்டுதான் பறிக்கணும்.'

அவங்க பொண்ணுக்கு அங்கன்வாடியில மதியச் சாப்பாடு, முட்டை, பாட்டு, கூட விளையாட ஆள் எல்லாம் இருக்கு. என் மருமகனுக்கு விளையாட நாலு கோழி! இதை அக்காகிட்டயே சொன்னேன். முறைச்சா. ஆனா மறுநாளே அவனைக் கூட்டிட்டு சாயங்காலம் லைன் வீட்டுப் பக்கம் கிளம்பிட்டா. அங்கே ஏழெட்டு வாண்டுங்க டயர் ஓட்டிட்டு இருந்தாங்க. மாண்டிசோரி அம்மையார் 1907-ல ரோம்ல முதல்ல ஆரம்பிச்சதுகூட, வேலைக்குப் போற ஏழைத் தாய் தகப்பன் குழந்தைகளுக்காகத்தான். பணக்காரங்களுக்கு இல்லை.

இன்னொரு சிக்கலும் இருக்கு. தனியார் பள்ளியில 25 சதவீத இலவச இடம் நுழைவு வகுப்புல, நம்ம ஊர்ல பெரும்பாலும் எல்.கே.ஜி.யில. அந்த வருஷத்தைத் தாண்டவிட்டா அந்த வாய்ப்பு போன மாதிரிதான். வசதி குறைஞ்ச ஒரு குடும்பத்துக்கு நான் 'ஒண்ணாங்கிளாஸ்ல பார்த்துக்கலாம்'னு தைரியமா சொல்ல மாட்டேன்.

அக்கா முடிவு பண்ணிட்டா. மே மாசம் அவனுக்கு அஞ்சு முடியுது. ஜூன்ல எஸ்டேட்டுக்குக் கீழே இருக்கிற அரசுப் பள்ளியில ஒண்ணாம் வகுப்பு. அங்கே 2022-லிருந்து 'எண்ணும் எழுத்தும்' திட்டத்துல பாட்டு, ஆட்டம், அட்டைன்னு பாடம் நடக்குது. ஒண்ணாங்கிளாஸ் டீச்சர்கிட்ட அக்கா நேராவே கேட்டுட்டா, 'எழுதத் தெரியாம வந்தா பரவாயில்லையா?' அவங்க சிரிச்சிட்டு, 'அதுக்குத்தானே நான் இருக்கேன்'னாங்களாம்.

அம்மாவுக்கு இது இன்னும் தெரியாது. எல்.கே.ஜி.யும் இல்லை, இங்கிலீஷ் மீடியமும் இல்லைன்னு போட்டு உடைக்கிற வேலையை அக்கா என் தலையில கட்டிட்டா. வர்ற ஞாயித்துக்கிழமை வீட்டுக்குப் போறேன். வேண்டிக்கோங்க ஃப்ரெண்ட்ஸ்!