உள்ளுறை வெப்பம்

ஒரு பாத்திரத்துக்கு நாஞ்சில் நாட்டு அடுக்களையில் கிடைக்கும் பெரிய பாராட்டு, 'சூடு நிக்கும்' என்பது. மண்சட்டியில் சூடு நிக்கும். வெங்கலப் பானையில் நிக்கும். கல்சட்டியில் இன்னும் அதிக நேரம் நிக்கும். அலுமினியச் சருவத்தில் நிக்கவே நிக்காது. இப்படி வரிசைப்படுத்திய பெண்கள் யாரும் இயற்பியல் படித்தவர்கள் அல்லர். எதில் மீன்குழம்பு வைப்பது, எதில் சோறு பொங்குவது, எதை இறக்கியவுடன் எதனால் மூடுவது என்று பொருள்களைப் பல தலைமுறைகளாக ஒப்பிட்டுப் பார்த்தவர்கள். ஆய்வுக்கூடத்தில் இதே வேலைக்கு 'வெப்பச் சேமிப்புப் பொருள்களின் செயல்திறன் ஒப்பீடு' என்று பெயர். அங்கே அது அறிவு. அடுக்களையில் அது கைப்பழக்கம்.

எண்களைப் பார்த்தால் முதலில் குழப்பமாகத்தான் இருக்கும். ஒரு கிலோ பொருளை ஒரு டிகிரி சூடேற்ற எவ்வளவு வெப்பம் வேண்டும் என்பது ஒரு கணக்கு. தண்ணீருக்கு 4.2 கிலோஜூல். அலுமினியத்துக்கு சுமார் 0.9. மண்ணுக்கும் கல்லுக்கும் ஏறக்குறைய அதே அளவு. இரும்புக்கு அதில் பாதி. வெண்கலத்துக்கு அதைவிடவும் குறைவு. கிலோவுக்குக் கிலோ வைத்துப் பார்த்தால் அலுமினியம் இரும்பைப்போல இரண்டு மடங்கு வெப்பத்தை வாங்கி வைக்கும். அப்படியானால் சருவம் ஏன் சட்டென்று ஆறிப்போகிறது? அது மெல்லியது, எடை இல்லாதது. வாங்கிய சூட்டை நொடியில் கைமாற்றிவிடும். மண்சட்டி தடித்தது. மண் வெப்பத்தை மெதுவாக வாங்கி மெதுவாகவே விடும். அதனால்தான் இறக்கி வைத்த பிறகும் குழம்பு சற்று நேரம் கொதித்துக்கொண்டிருக்கிறது. எவ்வளவு வாங்கும் என்ற கேள்வியோடு, எந்த வேகத்தில் விடும் என்பதையும் கேட்டால்தான் ஒரு பொருளைப் பற்றி ஏதாவது சொல்ல முடியும்.

ஆனால் யாருக்காகச் சூடு நிற்க வேண்டும் என்ற கேள்வி எந்த அட்டவணையிலும் இல்லை. அப்பா வடசேரியில் கடை அடைத்து வீடு வர இரவு பத்து மணி தாண்டும். அம்மா ஏழு மணிக்குச் சோறு வடித்து, வெங்கலப் பானையை அடுப்பின் சுடுநீறில் பாதி புதைத்து, மேலே மடித்த சாக்கைப் போட்டு வைப்பாள். "ஆறுன சோறு அப்பாவுக்கு எறங்காது மக்களே" என்பாள். பானை சூடாறாமல் இருக்கிறதா என்று இரண்டு மூன்று முறை தொட்டுப் பார்ப்பாள். கதம்பைக் கனல் அணையாமல் நீறு மூடி வைப்பாள். அப்பா சாப்பிட்டு எழுந்த பிறகு, அடியில் மிஞ்சியதை வழித்து அவள் சாப்பிடும்போது அது ஆறியிருக்கும். சூடு நிற்கும் பாத்திரங்களை அவ்வளவு அறிந்தவள் சூடாகச் சாப்பிட்டு நான் பார்த்ததில்லை.

பொருள்கள் வெப்பத்தைச் சேமிக்க இன்னொரு வழியும் உண்டு. மார்கழிக் காலையில் தேங்காய் எண்ணெய் குப்பிக்குள் உறைந்திருக்கும். வெயிலில் வைத்தால் சுமார் 24 டிகிரியில் உருகத் தொடங்கும். உருகி முடியும்வரை அது வெப்பத்தை வாங்கிக்கொண்டே இருக்கும். வெப்பநிலை மட்டும் ஏறக்குறைய அப்படியே நிற்கும். திரும்ப உறையும்போது வாங்கிய அனைத்தையும் வெளியே விடும். தமிழ்ப் பாடநூல்கள் இதை உள்ளுறை வெப்பம் என்கின்றன. உள்ளுறை என்ற சொல்லை நான் வகுப்பில் கவிதையின் உத்தியாகப் பாடம் நடத்துகிறேன். வெளியே சொன்னது ஒன்று, உள்ளே கிடப்பது வேறு. தெர்மாமீட்டர் வைத்தாலும் தெரியாத சூட்டுக்கு இதைவிடப் பொருத்தமான சொல் கிடையாது. குறுந்தொகையின் 58ஆம் பாடலில், வெயிலில் காயும் பாறைமேல் உருகும் வெண்ணெயைக் கையில்லாத, பேச முடியாத ஒருவன் கண்ணால் மட்டும் காவல் காக்கிறான். தாங்க முடியாத நோய்க்கு இந்த உவமையைத் தலைவன் வாயில் வைத்தவர் வெள்ளிவீதியார், ஒரு பெண். தாங்குவதற்கும் ஓர் எல்லை உண்டு என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது.

அந்த உருகலை நம்பி அமெரிக்காவில் மூன்று பெண்கள் ஒரு வீடு கட்டினார்கள். ஆண்டு 1948, இடம் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் டோவர். அறிவியல் மரியா டெல்கெஸ் என்ற ஹங்கேரியப் பெண்ணுடையது. வீட்டை வடிவமைத்தவர் எலினர் ரேமண்ட், பணம் கொடுத்தவர் சிற்பி அமீலியா பீபாடி. பகல் வெயிலைக் கிளாபர் உப்பில் சேமித்து இரவில் வீட்டைச் சூடாக்குவது திட்டம். அந்த உப்பு 32 டிகிரியில் உருகும். ஒரு கிலோ உருகும்போது சுமார் 250 கிலோஜூல் வாங்கிக்கொள்ளும். ஒரு கிலோ தண்ணீரை 60 டிகிரி சூடேற்றப் போதுமான வெப்பம் அது. விலையும் மலிவு. தொடக்கத்தில் வீடு கதகதப்பாகத்தான் இருந்தது. ஆனால் உருகி உறைந்து, மீண்டும் உருகி உறைந்து, உப்பின் ஒரு பகுதி கனத்து அடியில் தங்கிவிட்டது. பிரிந்ததும் பழையபடி சேரவில்லை. சில ஆண்டுகளில் அந்த வீட்டுக்கு வழக்கமான சூடேற்றும் கருவியே வந்தது.

டெல்கெஸ் தோற்றார் என்று எழுதுகிறவர்கள் உண்டு. அந்த வீட்டால் மூன்றாவது கேள்வி ஒன்று அழுத்தமாக எழுந்தது என்று நான் வாசிக்கிறேன்: எத்தனை முறை தாங்கும்? ராஜஸ்தானின் அபு ரோடு அருகே, பெண்கள் நிர்வாகத்தில் முன்நிற்கும் பிரம்மகுமாரிகள் அமைப்பு 'இந்தியா ஒன்' என்ற சூரிய வெப்ப மின்நிலையத்தை அமைத்திருக்கிறது. ஒவ்வொன்றும் 60 சதுர மீட்டர் கொண்ட 770 பரவளையத் தட்டுகள் வெயிலைக் குவிக்கின்றன. சேமிப்பதற்கு அங்கே வார்ப்பிரும்பு. கிலோவுக்கு இரும்பு வாங்கும் வெப்பம் குறைவுதான். ஆனால் அந்தச் சூட்டில் அது உருகுவதில்லை, பிரிந்து அடியில் தங்குவதில்லை. 1 மெகாவாட் மின்சாரத்தை 16 மணி நேரம் தரும் அளவுக்குச் சேமிக்கத் திட்டமிட்ட நிலையம் அது. அதிகம் வாங்கும் பொருளைவிட, நாள்தோறும் சூடேறி ஆறியும் கெடாத பொருளை அங்கே தேர்ந்திருக்கிறார்கள்.

ஓர் உப்பைத் தேர்வதற்கே இத்தனை கேள்விகள். பெண்ணிடம் கேட்கப்படுவதோ ஒன்றே ஒன்று: எவ்வளவு தாங்குவாள்? அதற்குப் பொறுமை என்று பெயர் வைத்து, பூமியைப் போல என்று உவமையும் சொல்லிவிடுகிறோம். காய்ந்த மண் வாங்கும் வெப்பம் தண்ணீரில் கால்வாசிகூட இல்லை என்பதை யாரும் பார்ப்பதில்லை. முப்பது, நாற்பது ஆண்டுகள் தினமும் சூடேறி ஆறும் ஒரு மனத்தில் எது பிரிந்து அடியில் தங்கிப்போனது என்று கணக்கெடுத்தவரும் இல்லை. வெளியே வெப்பநிலை மாறாமல் இருந்தால் போதும், அவள் நன்றாக இருக்கிறாள் என்று எழுதிக்கொள்கிறோம்.

இப்போது எல்லா வீட்டிலும் ஹாட்பாக்ஸ் இருக்கிறது, பிளாஸ்க் இருக்கிறது. இரவு பத்து மணிவரை பானையைத் தொட்டுப் பார்க்க வேண்டியதில்லை. அப்படியும் கடைசியில் சாப்பிடுகிறவள் பல வீடுகளில் மாறவில்லை, பாத்திரம்தான் மாறியிருக்கிறது. என் வீட்டில் எட்டு மணிக்குச் சோறு பரிமாறினால் அம்மாவும் நானும் முதல் பந்தியிலேயே உட்காருகிறோம். தாமதமாக வருகிறவருக்கு அடுப்பு எங்கே இருக்கிறது என்று தெரியும்.