தழும்புகள் சொல்லும் தீயின் கதை

கலிஃபோர்னியாவின் த்ரீ ரிவர்ஸ் சிற்றூரைத் தாண்டியதும் சாலை கொண்டை ஊசி வளைவுகளாக ஏறத் தொடங்குகிறது. ஓக் மரங்களும் காய்ந்த புல்வெளியும் பின்தங்குகின்றன. 6,000 அடிக்கு மேல், பைன், ஃபிர் மரங்களுக்கு நடுவே செம்பழுப்புக் கோபுரங்களாக நிற்கின்றன செக்கோயாக்கள். சியெரா நெவாடா மலைத்தொடரின் 'ஜயன்ட் ஃபாரஸ்ட்' இது. இங்குள்ள ஜெனரல் ஷெர்மன்தான் கன அளவில் உலகின் மிகப் பெரிய மரம். உயரம் 275 அடி. வயது சுமார் 2,200.

வருகிறவர்கள் எல்லாம் அண்ணாந்து பார்க்கிறார்கள். குனிந்து பார்த்தால், முதிய மரங்களின் அடியில் முக்கோண வடிவில் கரிந்த பொந்துகள் தெரியும். காட்டின் சரித்திரம் பதிவாகியிருப்பது அங்கேதான்.

தரையோடு ஊர்ந்து வரும் தீ, பட்டைக்கு அடியிலுள்ள உயிருள்ள திசுவை ஒரு பக்கத்தில் கொன்றுவிடுகிறது. மரம் சாவதில்லை. காயத்தின் இரு ஓரங்களிலும் புதுக்கட்டை வளர்ந்து அதை மூட முயல்கிறது. ஆண்டுக்கு ஒரு வளையம் என்பதால், தழும்பு விழுந்த வளையத்தை வைத்துத் தீயின் ஆண்டைச் சொல்லிவிடலாம். வளையத்தின் எந்தப் பகுதி என்பதை வைத்துப் பருவத்தையும் சொல்லலாம். வெறுமனே எண்ணினால் போதாது. கடும் வறட்சியில் சில மரங்கள் வளையமே போடுவதில்லை. எனவே குறுகலும் அகலமுமான வளையங்களின் வரிசையைப் பல மரங்களில் ஒப்பிட்டுச் சரிபார்க்கிறார்கள். இந்த முறையை வகுத்த ஏ.இ. டக்ளஸ் ஒரு வானியலாளர். சூரியப் புள்ளிகளின் தடயத்தை மரங்களில் தேடப் போனவர். 1937-ல் அரிசோனா பல்கலைக்கழகத்தில் மர வளைய ஆய்வுக்கூடத்தை நிறுவினார்.

அங்கிருந்து வந்த தாமஸ் ஸ்வெட்னம் குழு, பட்டுப்போன மரங்களிலிருந்து துண்டுகளை அறுத்து, வழவழப்பாக இழைத்து, உருப்பெருக்கியில் படித்தது. 2009-ல் முடிவு வெளியானது: ஜயன்ட் ஃபாரஸ்டின் 52 மரங்களில் 3,000 ஆண்டுத் தீ வரலாறு. கி.பி. 800 முதல் 1300 வரையிலான வெப்பமான, வறண்ட நூற்றாண்டுகளில்தான் தீ மிக அடிக்கடி வந்திருக்கிறது. இருந்தும் காடு அழியவில்லை. சருகு குவியுமுன்பே எரிந்துபோனதால் தீ சிறிதாகவே இருந்தது.

1860-களுக்குப் பின் தழும்புகள் அநேகமாக நின்றுபோகின்றன. காட்டைப் பக்குவமாக எரித்துவந்த பூர்வகுடிகள் விரட்டப்பட்டார்கள். தீயைப் பரப்பும் புல்லை ஆட்டு மந்தைகள் மேய்ந்து தீர்த்தன. 1890-ல் தேசியப் பூங்கா உருவான பின், தீயை அணைப்பதே காவல் என்றானது. நோக்கம் நல்லதுதான். ஆனால் செக்கோயாவின் கூம்புகள் தாராளமாக விதை உதிர்க்கத் தீயின் சூடு வேண்டும்; விதை முளைக்க வெற்றுத் தரை வேண்டும். கன்றுகள் அருகின, சருகு குவிந்தது. 1968-ல் பூங்கா நிர்வாகமே திட்டமிட்டுத் தீ வைக்கத் தொடங்கியது. ஆனால் மலைத்தொடரின் பல தோப்புகளுக்கு அது எட்டவில்லை.

2020-ல் வந்த 'காசில்' தீ 7,500 முதல் 10,600 பெரிய செக்கோயாக்களைப் பலிகொண்டதாக மதிப்பீடு. 2021 செப்டம்பரில் ஷெர்மனின் அடிமரத்துக்கே அலுமினியப் போர்வை சுற்ற வேண்டியதாயிற்று. மரம் தப்பியது. அந்தத் தோப்பில் பல பத்தாண்டுகளாக வைத்துவந்த சிறு தீ, பெருந்தீயின் வேகத்தைத் தணித்திருந்தது.

பிழைத்த மரங்கள் புதிய தழும்புகளை மெல்ல மூடிவருகின்றன. என்றோ ஒருநாள் யாராவது அவற்றைப் படிப்பார்கள். தழும்புக்கு முன்னால் நூறாண்டுக்கு மேல் நீளும் வெற்று வளையங்களும் அவர்கள் கண்ணில் படும்.