ஒரு பக்கம் மான், ஒரு பக்கம் எருமை

தவறு என்னுடையதுதான். அப்பாவின் மடக்குக்கத்தியைச் சுத்தம் செய்கிறேன் என்று சோப்புத் தண்ணீரில் ஒரு ராத்திரி முழுக்க ஊறவிட்டேன். காலையில் பிடியின் ஒரு பக்கம் விரிசல் கண்டிருந்தது. இரண்டே நாளில் அது பிளந்து துண்டு துண்டாகக் கையோடு வந்துவிட்டது.

ஷெஃபீல்டு கத்தி அது. அலகின் அடியில் கம்பெனிப் பெயர் தேய்ந்துபோய், ஊர்ப் பெயர் மட்டும் மிச்சம் இருக்கிறது. ஆர்.எம்.எஸ்.ஸில் சார்ட்டராக இருந்த அப்பாவுக்கு, ஓய்வு பெற்றுப் போன ஒரு ரயில்வே கார்டு கொடுத்தது. ஓடுகிற ரயிலில் தபால் கட்டுகளின் சணலை அறுத்து அறுத்தே அப்பாவின் முப்பது வருட சர்வீஸ் முடிந்தது. இப்போது அவருக்கு நினைவு தப்பிக்கொண்டிருக்கிறது. டில்லியில் என் வீட்டில்தான் இருக்கிறார். சில நாட்களில் என் பெயரே அவருக்குச் சட்டென்று வருவதில்லை. ஆனால் கத்தியைக் கையில் கொடுத்தால் கட்டைவிரல் தானாகவே பிடியின் சொரசொரப்பைத் தேடிப் போகும். கத்தி மழுங்கிப் பல வருடமாகிறது. அந்தத் தைரியத்தில்தான் அவரிடம் விட்டுவைத்திருக்கிறோம்.

பெங்களூரில் இருக்கும் அக்கா மகனுக்கு இந்தக் கத்திப் பைத்தியம் உண்டு. பிடியைக் கழற்றிவிட்டு வேறு பொருளில் மாற்றுவதுதான் அவனுடைய ஞாயிற்றுக்கிழமைகள். "மைகார்ட்டா போடலாம் சித்தி" என்றான். துணியையோ காகிதத்தையோ அடுக்கடுக்காகப் பிசினில் தோய்த்து, சூட்டில் அழுத்திக் கல் மாதிரி ஆக்கிய பலகை. கண்ணாடி இழையில் செய்த ஜி-10 என்று இன்னொன்றும் சொன்னான். தண்ணீரில் ஊறினாலும் ஒன்றும் ஆகாதாம். எனக்குக் குத்திக் காட்டினது போல இருந்தது. ஆனால் வழவழவென்று அப்படி ஒன்றை அப்பாவின் விரலுக்கு எப்படி அறிமுகப்படுத்துவது? பழையபடி கொம்பிலேயே செய்துவிட வேண்டும் என்று ராம்பூருக்கு பஸ் ஏறினேன்.

உத்தரப் பிரதேசத்து ராம்பூரைத் தெரியாதவர்களுக்கும் இந்திப் பட வில்லன்கள் கையில் 'டக்' என்று விரியும் ராம்பூரிக் கத்தியைத் தெரிந்திருக்கும். நாலரை அங்குலத்துக்கு மேல் நீளமான அலகுக்கு 1990களில் மாநில அரசு தடை போட்டதிலிருந்து தொழில் மங்கிவிட்டது. 2023இல் ஊர்ச் சந்திப்பு ஒன்றில் 20 அடி உயரத்தில் ஒரு கத்தியை நிறுத்திவைத்தார்கள். கத்தி செய்கிறவர்கள் குறைந்த பிறகு கத்திக்குச் சிலை!

நான் போன பட்டறையில் அறுபது வயதுக்காரர் ஒருவர் தகடு ஒன்றை அரத்தால் ராவிக்கொண்டிருந்தார். பெண்பிள்ளை கத்தியோடு வந்து நிற்பதை அவர் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. "கொம்பு இருக்கிறதா உஸ்தாத்?" என்று இந்தியில் கேட்டேன். "எத்தனை வேண்டும்?" என்று உள்ளே போய்க் கருகருவென்று பட்டையாக ஒன்றைக் கொண்டுவந்து வைத்தார். எருமைக் கொம்பு. பக்கத்து சம்பலில் சீப்பும் பொத்தானும் செய்வதற்குச் சூடு காட்டி, அழுத்தித் தட்டையாக்கிய சரக்கு.

நான் கேட்டது மான் கொம்பு. எம்.ஏ. வரை தமிழ் படித்து, மொழிபெயர்த்துச் சாப்பிடுகிற எனக்கு அந்த இடத்தில்தான் உறைத்தது. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் தனித்தனி வார்த்தை. இந்தியிலும் தமிழிலும் மாட்டுக்கும் மானுக்கும் ஒரே கொம்புதான். பழந்தமிழில் 'கோடு' என்றார்கள். அது மரக்கிளைக்கும் பெயர் என்பதால் கிளைவிட்ட மான் கொம்புக்கு அழகாகப் பொருந்தும். என்றாலும் அதே சொல் எருமைக்கும் போகும், யானைத் தந்தத்துக்கும் போகும். பொருளோ வேறு. எருமைக் கொம்பு நகமும் முடியும் போன்ற சங்கதி. அரம் பட்டால் மயிர் கருகும் நாற்றம் வரும். மானுடையது எலும்பு. வருடந்தோறும் உதிர்ந்து வளரும். நம் கடமான் கொம்பைக் கத்திப் பிடிக்கென்றே ஷெஃபீல்டுக்காரர்கள் ஏராளமாக வரவழைத்தார்கள். அப்பாவின் கத்தியும் அப்படி ஒரு கொம்புதான்.

"அது கிடைக்காது மகளே. காட்டில் தானாக உதிர்ந்ததை எடுத்து விற்றாலும் ஜெயில்" என்றார் உஸ்தாத். 1972ஆம் வருட வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தை அவ்வளவு சுருக்கமாக நான் கேட்டதில்லை. பிறகு ஒரு யோசனை சொன்னார்: மறுபக்கத்தையும் கழற்றிவிட்டு இரண்டு பக்கமும் எருமையே போட்டுவிடலாம். ஜோடி சேரும். நடு ஆணியும் கடைசி ஆணியும் இரு பக்கத்தையும் ஊடுருவிப் போகிறவை. புது ஆணியின் தலையைத் தட்டி அகலமாக்கும்போது பழைய பக்கமும் வெடிக்கலாம். வெடித்தால் தன்னைக் கேட்கக் கூடாது.

வெகுநேரம் யோசித்தேன். பழையது இருக்கட்டும், தட்டுங்கள் என்றேன்.

ஆணித் தலைகளை ராவிவிட்டு, ஆணிகளை மெல்லத் தட்டி வெளியே எடுத்தார். பித்தளைத் தகட்டின் துளைகளை வழிகாட்டியாக வைத்துக் கொம்பில் துளை போட்டார். புதிய பித்தளைக் கம்பியை நுழைத்து, சின்னச் சுத்தியலால் சுற்றிச் சுற்றித் தட்டினார். அடி அல்ல, வருடல் மாதிரி. என்னால் பார்க்க முடியவில்லை. தெருவைப் பார்த்துக்கொண்டு நின்றேன். வெடிக்கவில்லை. கடைசியில் உப்புத்தாள், மெருகு. மான் கொம்பின் வரிகளைப் போலக் கீறித் தரட்டுமா என்றார். வேண்டாம் என்றேன். எருமை எருமையாகவே இருக்கட்டும். சாணை பிடித்துத் தருகிறேன், காசு வேண்டாம் என்றார். அதையும் வேண்டாம் என்றபோதுதான் முதல்முறையாக என்னை விநோதமாகப் பார்த்தார். அப்பாவைப் பற்றிச் சொன்னேன். அலகை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, முனையை மட்டும் அரத்தில் இரண்டு இழுப்பு இழுத்து உருண்டையாக்கிக் கொடுத்தார்.

வீட்டுக்கு வந்து அப்பாவின் கையில் வைத்தேன். விரல் எருமைப் பக்கம் போய் நின்றது. வழுக்கியது. கத்தியைத் திருப்பினார். சொரசொரப்பு கிடைத்ததும் நிதானமாக வருடினார். பிறகு நகத்தை அலகின் பள்ளத்தில் கொடுத்து இழுத்தார். திறக்கவில்லை. புது ஆணி, ஸ்பிரிங் இறுக்கமாகிவிட்டது. இன்னொரு தடவை இழுத்துப் பார்த்துவிட்டு என்னிடம் நீட்டினார்.

"எண்ணெய் விடணும்மா" என்றார்.

தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு விட்டேன். திறந்து மூடித் திறந்து மூடிப் பழக்க வேண்டும் என்று உஸ்தாதும் சொல்லித்தான் அனுப்பியிருந்தார். மூன்று நாளாக அப்பா அந்த வேலையாகத்தான் இருக்கிறார்.