கல்லும் மீனும்

நமது பங்கைச் சேர்ந்த கடற்கரை ஊரொன்றிலிருந்து சென்ற ஆண்டு விண்ணப்பம் ஒன்று நம்மிடம் வந்தது. கடல் ஆண்டுதோறும் கரையை அரித்து வீடுகளை நெருங்குகின்றது. ஆகவே கருங்கற்களால் தூண்டில் வளைவு அமைத்துத் தர வேண்டும் என்று அரசைக் கேட்கும் மனு அது. கையெழுத்திடப் பேனாவை எடுத்த வேளையில், கரைவலை இழுக்கும் முதியவர் ஒருவர், "கல்லு விழுந்தா நாங்க வலை இழுக்க எடம் ஏது சாமி?" என்று கேட்டார். நம்மிடம் பதில் இல்லை. கடலில் மனிதன் இடும் கல் மீனுக்கு என்ன செய்கின்றது என்பதை ஓரளவேனும் அறிந்த பிறகே கையொப்பம் இடுவது என்று எண்ணித் தூத்துக்குடிக்குப் பயணமானோம்.

தெரேஸ்புரத்திலிருந்து வைகறையில் வள்ளம் ஏறினோம். தெற்கே, 1974-ஆம் ஆண்டில் பெருந்துறைமுகமாக அறிவிக்கப்பட்ட துறைமுகத்தின் அலைத்தடுப்புச் சுவர்கள், ஒவ்வொன்றும் ஏறத்தாழ 4 கிலோமீட்டர் நீளத்திற்குக் கடலுக்குள் நீண்டு கிடக்கின்றன. இத்தகைய கற்குவியலில் முதலில் பாசி படர்கின்றது. சிப்பிகளும் கொட்டலசுகளும் ஒட்டிக்கொள்கின்றன. பாசியை மேய ஓரா மீன் வருகின்றது. இடுக்குகளில் சிங்கி இறாலும் களவாவும் குடிபுகுகின்றன. பாறையில் வாழும் மீன்களுக்குப் புதியதோர் ஊர் கிடைத்துவிடுகின்றது. ஆனால் அதே இடத்தில் முன்பு மணல் இருந்தது. மணலைக் கிளறி இரை தேடும் கிழங்கானுக்கும், கரையோரம் கூட்டமாய் வரும் காரலுக்கும் அந்த அளவு இடம் குறைந்து போகின்றது. கரையோரமாய் நகரும் மணலைக் கல் தடுப்பதால், ஒரு பக்கம் மேடிடுகின்றது. மறு பக்கத்தில் அடுத்த ஊர் அரிக்கப்படுகின்றது.

வள்ளம் வான் தீவை அணுகிற்று. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளுள் ஒன்றான இது, 1986-இல் அறிவிக்கப்பட்ட கடல்வாழ் தேசியப் பூங்காவுக்குள் அடங்குவது. அனுமதியின்றி இறங்கலாகாது என்பதால் விலகியே நின்றோம். ஒரு தலைமுறைக்குள் இத்தீவு தன் நிலப்பரப்பில் பெரும்பகுதியை இழந்துவிட்டது. அலையின் வேகத்தைத் தணித்து வந்த பவளப்பாறைகளை, சுண்ணாம்புக்கும் கட்டடத்திற்குமாக மனிதர் பல்லாண்டுக் காலம் வெட்டி எடுத்தனர். 2001-இல் பவளங்கள் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டன. அதற்குள் அருகிலிருந்த விலங்குசல்லித் தீவு நீருக்குள் மூழ்கியிருந்தது.

தீவைக் காக்க 2015 முதல் 10,000-க்கும் மேற்பட்ட சிமெண்டுக் கட்டமைப்புகளைக் கடலடியில் இறக்கியிருக்கின்றனர். மேலே குறுகி, அடியில் அகன்று, பக்கங்களில் துளைகளோடு அமைந்தவை அவை. சுவரைப்போல் அலையை எதிர்த்து நிற்காமல், அதன் வேகத்தை மட்டும் குறைக்கின்றன. துளைகளோ மீனுக்கு வாசலாகின்றன. வள்ளம் ஓட்டிய இளைஞர், "இங்கே மீன் அடையுது சாமி. ஆனா அடையுற மீனையெல்லாம் அள்ளிட்டா மிச்சம் என்ன?" என்றார். மீன் ஓரிடத்தில் கூடுவது வேறு, பெருகுவது வேறு என்பதை அவர் நமக்கு ஒரே வாக்கியத்தில் கற்பித்தார்.

திரும்பி வந்து நமது பழைய ஆலயத்தின் சுற்றுமதிலைப் பார்த்தோம். பூச்சு உதிர்ந்த இடங்களில் தேன்கூடு போன்ற துளைகளுடன் பவளக்கல் தெரிந்தது. நம் முன்னோர் தீங்கென்று அறியாமல் செய்தது அது. மீனின் வீட்டைப் பெயர்த்து நாம் மதில் கட்டினோம். இன்று சிமெண்டால் அதற்கு வீடு கட்டிக் கொடுக்கின்றோம். அறிந்த பின்னும் ஆராயாமல் கல்லைக் கொட்டினால் நமக்கு என்ன சாக்கு உண்டு?

வீடிழக்கும் மக்களின் மனுவை மறுக்க நமக்கு மனம் வரவில்லை, கையெழுத்திட்டோம். ஆனால் அதில் இரண்டு வேண்டுகோள்களைச் சேர்த்தோம்: கரைவலை இழுக்கும் துறையைத் திறந்தே விட வேண்டும், மணலின் போக்கை ஆராய்ந்து, அடுத்த ஊராரையும் கலந்த பிறகே கல் இறக்க வேண்டும். முதியவரிடம் படித்துக் காட்டினோம். அவர் சற்று நேரம் பேசாமலிருந்து, "எழுதினது இருக்கட்டும் சாமி. கல்லு வர்ற அன்னைக்கு நீங்களும் கரையில வந்து நில்லுங்க" என்றார்.

நிற்பதாக வாக்களித்திருக்கின்றோம்.