கண்டி பார்க்கப் போனோம்

சுற்றுலா என்றால் வசதி படைத்தவர்களுக்கும் வெளிநாட்டவருக்கும் உரியது என்ற எண்ணம் எங்களிடையே ஊறிப் போயிருக்கிறது. கடல் சூழ்ந்த இந்தத் தீவைப் பார்க்க உலகின் மறுபக்கத்திலிருந்து ஆட்கள் வருகிறார்கள். இங்கே பிறந்த நாங்களோ, இடம்பெயர்ந்த பாதைகளையும் முகாம்களையும் தவிர வேறெதையும் பார்க்காமலே பாதி வயதைக் கடந்து விடுகிறோம்.

கடந்த ஆண்டு நாங்கள் மூன்று சிநேகிதிகள் இரண்டு நாட்கள் கண்டிக்குப் போய் வந்தோம். நான் வெருகலைச் சேர்ந்தவள். மற்ற இருவரும் தமது பெயரைப் போட வேண்டாம் என்று கேட்டுக் கொண்டதால் சம்பூர் அக்கா, மூதூர் ராத்தா என்றே எழுதுகிறேன். 2006 இல் மூவருமே இடம்பெயர்ந்தவர்கள். ஆனால் ஒருவரையொருவர் அறிந்தது பல வருடங்களின் பின்னர், ஒரு மகளிர் குழுவின் தையல் வகுப்பில்தான். அங்கே நான் சமூகப் பணியாளராகப் போனேன். வேலை முடிந்த பிறகும் நட்பு முடியவில்லை. மாதம் 500 ரூபாய் வீதம் ஒரு வருடம் சேர்த்து இந்தப் பயணத்துக்கு ஆயத்தமானோம்.

சம்பூர் அக்கா முதலில் மறுத்து விட்டார். அவருடைய கணவர் காணாமல் போய்ப் பல வருடங்களாகின்றன. "புருசனைத் தேடுறவள் கண்டிக்கு உல்லாசம் போறாள் எண்டு சனம் கதைக்கும் தங்கச்சி. எனக்கு வேணாம்" என்றார்.

நான் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் சமூகவியல் படித்தவள். ஒருவர் எத்தனை நாள் துக்கம் காக்க வேண்டும் என்பதைச் சமூகமே தீர்மானிக்கிறது என்று அங்கே படித்திருக்கிறேன். அதிலும் ஆணுக்கு ஒரு கணக்கு, பெண்ணுக்கு வேறு கணக்கு. கணவர் இருக்கிறாரா இல்லையா என்றே தெரியாத பெண்ணுக்கு அந்தக் கணக்கு முடிவதே இல்லை.

உண்மையில் எங்கள் மூவரிலும் அதிகம் பயணம் செய்தவர் அக்காதான். கொழும்பு, வவுனியா என்று எத்தனையோ வாசல்களில் நின்றிருக்கிறார். 2010 இல் கண்டிக்கும் வந்திருக்கிறார். ஒரு சிறைச்சாலை வாசலில் காலையிலிருந்து நின்று, பட்டியலில் பெயர் இல்லை என்றதும் அடுத்த பஸ்ஸில் திரும்பியவர். கண்டியில் அவர் பார்த்தது அந்த வாசல் ஒன்றைத்தான். இதைக் கேட்டதும் ராத்தா சொன்னார்: "அப்ப வாங்க அக்கா, மிச்சத்தையும் பார்த்திட்டு வருவம்."

விடியற்காலையில் சாப்பாட்டுப் பார்சல்களுடன் வெளிக்கிட்டோம். கந்தளாயை அடைந்தபோது ராத்தா ஜன்னலால் எட்டிப் பார்த்து, 2006 ஆகஸ்டில் மூதூர்ச் சனம் வந்து தங்கிய இடங்களைக் காட்டினார். அக்கா தாங்கள் வாகரைக்குப் போன கதையைச் சொன்னார். அந்த நாட்களில் எதிரெதிர்த் திசைகளில் ஓடியவர்கள் இப்போது ஒரே ஆசனத்தில் இருந்து வடை சாப்பிட்டுக் கொண்டிருந்தோம்.

ஹபரணை, தம்புள்ளை, மாத்தளை தாண்டிப் பிற்பகலில் கண்டியை அடைந்தோம். வாவியைச் சுற்றி நடந்தோம். கண்டியின் கடைசி அரசன் ஸ்ரீ விக்கிரமராஜசிங்கன் கட்டுவித்த வாவி இது. தென்னிந்தியாவிலிருந்து வந்த நாயக்கர் வம்சத்தவன். 1815 இல் ஆங்கிலேயரிடம் பிடிபட்டு, வேலூருக்கு நாடுகடத்தப்பட்டு, 1832 இல் அங்கேயே இறந்தான். இதைச் சொன்னபோது அக்கா, "அப்ப ராசாவும் அகதிதான்" என்றார். சிரித்து விட்டோம்.

தலதா மாளிகை 1998 ஜனவரியில் குண்டுத் தாக்குதலுக்கு உள்ளான இடம். அங்கும் சனம் இறந்தது. வாசலில் பைகளைப் பரிசோதிக்கிறார்கள். அக்கா வரிசையில் நிற்கும்போதே அடையாள அட்டையைக் கையில் எடுத்துப் பிடித்துக் கொண்டார். ஒருவரும் அதைக் கேட்கவில்லை. உள்ளே போன பிறகும் அட்டை வெகுநேரம் அவரது கையிலேயே இருந்தது.

மாளிகைக்கு அருகிலேயே பத்தினி தேவாலயம் இருக்கிறது. பத்தினி வேறு யாருமல்ல, கிழக்கிலங்கையில் வைகாசியில் நாங்கள் குளிர்த்தி பாடிக் கும்பிடும் கண்ணகி அம்மன்தான். எசல பெரஹராவில் அவளுக்கும் ஓர் ஊர்வலம் உண்டு. சிங்களப் பெண்கள் பூத்தட்டோடு நின்றார்கள். அக்காவும் ஒரு தட்டு வாங்கி அவர்களுக்குப் பக்கத்தில் நின்றார். புருஷனுக்காக அரச வாசலில் போய் நியாயம் கேட்டவள் அல்லவா அவள்! அக்கா என்ன வேண்டினார் என்று நாங்கள் கேட்கவில்லை.

அன்றிரவு ஒரு சிறிய விடுதியில் தங்கினோம். மறுநாள் ஏழு மணி வரை அக்கா நித்திரை. இஞ்சி போட்ட பிளேன்ரீயோடு போய் எழுப்பினேன். "எனக்கு ஒராள் தேத்தண்ணி கொண்டு வந்து தந்து எவ்வளவு காலம்" என்றார்.

பின்னர் பேராதனைப் பூங்காவுக்குப் போனோம். 1821 இல் தொடங்கப்பட்டது. 147 ஏக்கர் பரப்பு. நிரை நிரையாக உயர்ந்த பனையினங்கள், மரம் நிறைய வௌவால்கள், புல்வெளியில் குடையாகப் படர்ந்த ஜாவா அத்தி என்று பார்க்கப் பார்க்கத் தீரவில்லை. சீசெல்ஸ் தீவுகளுக்குரிய இரட்டைத் தேங்காய் மரமும் உண்டு. உலகின் மிகப் பெரிய விதை அதனுடையதுதான். "ஒண்டு கிடைச்சா ஒரு கலியாண வீட்டுச் சம்பலுக்குக் காணும்" என்று ராத்தா கணக்குப் பார்த்தார்.

பூங்காவை மூன்று பக்கமும் வளைத்து ஓடுகிறது மகாவலி. 335 கிலோமீற்றர் நீளமான இந்த ஆறுதான் எங்கள் பக்கம் வந்து கொட்டியாரக் குடாவில் விழுகிறது. எங்கள் ஊரின் வெருகல் ஆறும் இதன் கிளையே. கரையில் நின்ற அக்கா கேட்டார்: "அப்ப இந்தத் தண்ணி எங்களுக்கு முன்னம் ஊருக்குப் போயிடுமோ?"

"இல்லையக்கா. பொல்கொல்லையில ஒரு பங்கை வேற பக்கம் திருப்பி விடுவாங்க. பிறகு விக்டோரியா அணையும் இருக்கு. நாங்கதான் முதல்ல போவம்."

"அப்ப இன்னும் கொஞ்சம் இருந்திட்டுப் போவம்" என்று புல்லில் அமர்ந்து விட்டார். பிற்பகல் பஸ்ஸைத் தவற விட்டு, அடுத்த பஸ்ஸில்தான் திரும்பினோம்.

ஊரில் இறங்கியதும் பக்கத்து வீட்டுப் பெண் படலையடியில் வந்து வழமைபோல் கேட்டாராம்: "ஏதும் செய்தி கிடைச்சுதா?" அக்கா எங்கு போனாலும் எல்லோரும் கேட்கும் கேள்வி அது. "இல்லை. இந்த முறை பூந்தோட்டம் பார்க்கப் போனனான்" என்று சொன்னாராம். அந்தப் பெண் சற்று நேரம் நின்று விட்டு, "அடுத்த முறை என்னையும் கூட்டிப் போங்க" என்றிருக்கிறார்.

தோழியரே, அக்கா தேடுவதை நிறுத்தவில்லை. அடுத்த மாதமே மனுவோடு கொழும்புக்குப் போனார். தேடுவது அவரது உரிமை; இரண்டு நாள் சந்தோசமாக இருப்பதும் அவரது உரிமையே. உங்களிலும் இரண்டு மூன்று பேர் சேர்ந்து சிறிது சிறிதாகச் சேமியுங்கள். தூரத்து ஊராக இருக்க வேண்டியதில்லை. திரும்பி வந்து எங்களுக்கும் எழுதுங்கள்.