காற்றோடு ஒரு பந்தயம்

சகாரா பாலைவனத்தில், அகதி முகாம்களுக்கு நடுவே, 2001லிருந்து ஒரு மராத்தான் நடக்கிறது. ஓட வருகிறவர்கள் விருந்தாளிகள். காற்றுதான் அங்கே நிரந்தரவாசி.

பிப்ரவரி மாதக் கடைசி. வெயில் ஏறத் தொடங்கினாலும் அதில் இன்னும் சூடு இல்லை. பஸ்களிலும் லாரிகளிலும் வந்து இறங்குகிற ஓட்டக்காரர்கள் தோளைக் குறுக்கிக்கொண்டு நிற்கிறார்கள். சிலர் தங்கியிருந்த வீட்டுக்காரர்கள் கொடுத்த போர்வையை இன்னும் விடவில்லை. அனுபவசாலிகளின் கண் முதலில் போவது கொடிகளின் மேல். கொடி துவண்டு தொங்கினால் நல்ல நாள். படபடவென்று அடித்துக்கொண்டால், பல மாதங்களாகப் போட்டுவைத்த நேரக் கணக்கை அங்கேயே மறந்துவிடலாம்.

அல்ஜீரியாவின் தென்மேற்கு மூலையில் டின்டூஃப் என்ற ராணுவ நகரம். அதைச் சுற்றியுள்ள பொட்டல் வெளியில்தான் மேற்கு சகாராவிலிருந்து வந்த சஹ்ராவி அகதிகளின் முகாம்கள் இருக்கின்றன. 'சகாரா மராத்தான்' எல் அயூன் முகாமில் தொடங்கி, அவுசர்த் முகாம் வழியாக ஸ்மாரா முகாமில் முடிகிறது. முழு மராத்தானுக்குத் தெம்பில்லாதவர்களுக்குப் பாதி மராத்தான், பத்து கி.மீ., ஐந்து கி.மீ. ஓட்டங்கள் உண்டு. பல நாடுகளிலிருந்து நூற்றுக்கணக்கானவர்கள் வருகிறார்கள். அவர்களில் ஸ்பானியர்களும் இத்தாலியர்களும் அதிகம். உள்ளூர் இளைஞர்களும் பெண்களும் உடன் ஓடுகிறார்கள்.

பாலைவனம் என்றதும் சினிமாவில் பார்த்த மணல் குன்றுகளை மனதில் வைத்துக்கொண்டு வருகிறவர்களுக்கு முதல் ஏமாற்றம் தரையிலேயே காத்திருக்கிறது. இங்கே பெரும்பகுதி கட்டாந்தரை. கறுத்த சரளைக் கல் பரவிய இந்த நிலத்துக்கு 'ஹமாதா' என்று பெயர். நடுநடுவே காலை வாங்கும் மணல் திட்டுகள். மரம் இல்லை, மேடு இல்லை, காற்றைத் தடுக்க ஒரு சுவர்கூட இல்லை.

மணலில் ஓடுவதற்கு, கெட்டித் தரையில் ஓடுவதைவிடச் சுமார் 1.6 மடங்கு சக்தி செலவாகிறது என்று 1998ல் பெல்ஜியம் நாட்டு ஆராய்ச்சியாளர்கள் அளந்து சொன்னார்கள். அது காற்றில்லாத இடத்துக் கணக்கு. காற்றின் தடை, வேகத்தின் வர்க்கத்தில் ஏறுவது. வேகம் இரண்டு மடங்கானால் தடை நான்கு மடங்கு. எதிர்க்காற்று பறித்துக்கொண்டதை, அதே காற்று முதுகில் தள்ளும்போதும் முழுதாகத் திருப்பித் தருவதில்லை.

காற்று பலத்த ஆண்டுகளில் ஓடியவர்களின் அனுபவங்களில் ஓர் ஒற்றுமை தெரிகிறது. முதலில் வலிப்பது முகம் அல்ல, முழங்காலுக்குக் கீழே. காற்று மணலை அள்ளி ஆகாயத்தில் வீசுவதாக நாம் நினைக்கிறோம். உண்மையில் பருமணல் தரையை ஒட்டித் தத்தித் தத்திப் போகிறது. ஒரு மணி விழுந்து இன்னொன்றைக் கிளப்புகிறது. ஆகவே கெண்டைக்காலில் ஊசி ஊசியாகக் குத்துகிறது. மாவு போன்ற தூசி மட்டுமே மேலே எழுந்து, சூரியனை மங்கலான தட்டாக்கி, தொடுவானத்தை அழித்துவிடுகிறது. பல்லுக்கிடையில் நறநறக்கிறது. கண்ணாடி அணிந்தாலும் கண் கரிக்கிறது.

இன்னொரு வஞ்சகமும் உண்டு. உலர்ந்த காற்றில் வியர்வை துளியாகத் திரளுமுன் ஆவியாகிவிடும். உடம்பு நனையாததால் தாகம் இல்லையென்று தோன்றும். கன்னத்திலும் முழங்கையிலும் வெள்ளை வெள்ளையாக உப்பு பூத்திருப்பதைப் பார்த்தபிறகுதான், போனது எத்தனை என்று உறைக்கும். குடிநீர் தரும் இடங்களில் தாகம் எடுக்காவிட்டாலும் நின்று குடிக்கவேண்டும் என்பது முதல் ஆண்டு வந்தவர்கள் இரண்டாம் ஆண்டு வருகிறவர்களிடம் கற்கும் பாடம்.

நகரத்து மராத்தான்களில் போட்டியாளர்களாக இருப்பவர்கள் இங்கே சீக்கிரமே கூட்டாளிகளாகிவிடுகிறார்கள். பாஷை தெரியாத இருவர், மூவர் ஒருவர் பின் ஒருவராக வரிசை கட்டுகிறார்கள். முன்னால் போகிறவர் காற்றை வாங்குகிறார். களைத்ததும் கையை அசைத்துவிட்டுப் பின்னால் வருகிறார். அடுத்தவர் முன்னே போகிறார். ஒரு வார்த்தை பேசாமல் பத்து கி.மீ. இப்படியே கடக்கிறது. அவுசர்த் முகாமை நெருங்கும்போது குலவைச் சத்தம் முதலில் கேட்கிறது. பிறகுதான் தூசிக்குள்ளிருந்து வண்ண வண்ணமான மெல்ஃபா துணியைத் தலையோடு சுற்றிய பெண்கள் தென்படுகிறார்கள். செருப்புக் காலோடு சிறுவர்கள் கூடவே சிறிது தூரம் ஓடி வந்து, சிரித்துவிட்டு நின்றுவிடுகிறார்கள்.

கடைசிப் பகுதிதான் பொறுமையைச் சோதிப்பது. வானம் தெளிவாக இருந்தால் ஸ்மாரா வெகு தூரத்திலேயே கண்ணில் பட்டுவிடும். ஒரு மணி நேரம் ஓடியபிறகும் அது அதே அளவில், அதே இடத்தில் இருப்பதுபோல் தோன்றும். தூசி எழுந்தாலோ ஸ்மாராவே இல்லை. வழி காட்டும் அடையாளங்களை ஒன்றொன்றாகத் தேடிப் பிடித்துக்கொண்டு போகவேண்டியதுதான்.

அடையாளத்தைத் தவறவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு இந்தப் பாலைவனத்தில் ஓர் உதாரணம் உண்டு. 1994 ஏப்ரலில் எல்லைக்கு அப்பால், மொராக்கோவில், பல நாட்கள் நீளும் 'மராத்தான் தெ சாப்ல்' பந்தயம் நடந்துகொண்டிருந்தது. இத்தாலியப் போலீஸ்காரர் மாவ்ரோ புராஸ்பெரி சாதாரண ஆள் அல்ல. நவீன பென்டத்லான் வீரராக இருந்தவர். மணல் புயல் பிடித்துக்கொண்டபோது அவர் முன்னணியில் இருந்தார். நின்ற இடத்திலேயே இருக்கவேண்டும் என்பது விதி. இடத்தை விட மனமில்லாமல் அவர் நகர்ந்துகொண்டே இருந்தார். காற்று அடங்கியபோது சுற்றிலும் ஒருவரும் இல்லை, பாதையும் இல்லை.

பாழடைந்த ஒரு தர்காவில் ஒதுங்கினார். சிறுநீரைக் குடித்தார். வௌவால்களைப் பிடித்துத் தின்றார். தேடி வந்த விமானங்களின் கண்ணில் படாமல் போகவே, மணிக்கட்டை அறுத்துக்கொண்டார். நீர் வற்றிய உடம்பில் ரத்தம் உறைந்துபோய், சாவும் கிட்டவில்லை. எழுந்து மறுபடி நடந்தார். சுமார் பத்து நாள் கழித்து, ஆடு மேய்க்கும் நாடோடிக் குடும்பம் ஒன்று அவரைக் காப்பாற்றியபோது, எல்லையைத் தாண்டி அல்ஜீரியாவுக்குள் வந்திருந்தார். உடல் எடையில் 15 கிலோவுக்கு மேல் குறைந்திருந்தது. அவர் கதையைச் சந்தேகித்தவர்களும் உண்டு. ஆனால் அவர் 1998ல் அதே பந்தயத்தில் ஓடத் திரும்பி வந்தார். 1994ல் அவரைக் கொண்டுபோய்ச் சேர்த்த ஆஸ்பத்திரி இருந்த ஊர், டின்டூஃப்.

புராஸ்பெரி அந்த எல்லையைத் தெரியாமல் தாண்டினார். அதற்குச் சுமார் இருபது ஆண்டுகளுக்கு முன் சஹ்ராவிகள் தெரிந்தே தாண்டினார்கள். 1975 இறுதியில் ஸ்பெயின் தன் காலனியான மேற்கு சகாராவைக் கைவிட, மொராக்கோவும் மொரிட்டானியாவும் உள்ளே நுழைந்தன. பொலிசாரியோ முன்னணி ஆயுதம் எடுத்தது. குடும்பங்கள் கிழக்கே ஓடின. 1976 பிப்ரவரி 27ல் சஹ்ராவிக் குடியரசு பிரகடனம் செய்யப்பட்டது. மராத்தான் பிப்ரவரிக் கடைசியில் நடப்பதற்குக் காரணம் அந்த நாள்தான். மொரிட்டானியா 1979ல் விலகிக்கொண்டது. மொராக்கோ, சுமார் 2,700 கி.மீ. நீளத்துக்கு மணலாலும் கல்லாலும் ஒரு கரை எழுப்பி, கண்ணிவெடி புதைத்தது. 1991ல் போர் நிறுத்தம் வந்தது. மக்கள் வாக்கெடுப்பு நடத்தித் தருவதாக ஐ.நா. சபை உறுதி சொன்னது. வாக்கெடுப்பு நடக்கவே இல்லை. 2020 நவம்பரில் போர் நிறுத்தமும் முறிந்தது. 2022ல் ஸ்பெயினும் மொராக்கோவின் தன்னாட்சித் திட்டத்தின் பக்கம் சாய்ந்தது.

இந்தியாவுக்கும் இதில் ஒரு பங்குண்டு. 1985ல் ராஜீவ் காந்தி அரசு சஹ்ராவிக் குடியரசை அங்கீகரித்தது. 2000 ஜூனில் புதுடில்லி அந்த அங்கீகாரத்தைத் திரும்பப் பெற்றது. அடுத்த ஆண்டுதான் முதல் சகாரா மராத்தான் நடந்தது. இரண்டுக்கும் தொடர்பில்லை. ஆனால் நாடுகள் ஒவ்வொன்றாக முகம் திருப்பிக்கொள்ளும்போது, உலகத்தை வீட்டுக்கே வரவழைக்க ஓட்டப்பந்தயம் ஒரு வழி என்று முகாம்கள் கண்டுகொண்டது அந்தக் காலகட்டத்தில்தான்.

வீட்டுக்கே என்பது வெறும் பேச்சல்ல. இங்கே ஓட்டக்காரர்களுக்கு ஹோட்டல் கிடையாது. குடும்பங்களின் மண் வீடுகளிலும் ஜைமா எனப்படும் கூடாரங்களிலும் தரைவிரிப்பின்மேல் தூங்குகிறார்கள். கரி அடுப்பில் தேநீர் கொதிக்கிறது. மூன்று சுற்று குடித்து முடிக்காமல் எழுந்திருப்பது மரியாதையல்ல. தேநீரை ஆற்றி ஆற்றி நுரை எழுப்பும் கைகள் பெரும்பாலும் பெண்களுடையவை. ஆண்கள் போருக்குப் போன 16 ஆண்டுகளில் முகாம்களைக் கட்டியதும் நிர்வகித்ததும் அந்தப் பெண்கள்தான். ஸ்பெயினிலிருந்து வருகிற சிலருக்கு இது அறிமுகமான வீடு. கோடை விடுமுறையில் சஹ்ராவிக் குழந்தைகளை ஸ்பானியக் குடும்பங்கள் தங்களோடு வைத்துக்கொள்ளும் ஏற்பாடு பல ஆண்டுகளாக நடக்கிறது. அந்தக் குழந்தை இப்போது வளர்ந்து வாசலில் நிற்கிறது.

ஓடி முடித்தவர்களுக்குப் பந்தயத்தின் கடினமான பகுதி மாலையில்தான் வருகிறது என்று சொல்லலாம். உடம்பெல்லாம் புழுதி. குளிக்கத் தண்ணீர் கேட்பதா, கூடாதா? முகாமுக்குத் தண்ணீர் அளந்துதான் வருகிறது. பல இடங்களில் டாங்கர் லாரியில் வந்து வீட்டுத் தொட்டியில் நிரம்புகிறது. வீட்டுக்காரம்மா ஒரு வாளி நிறைய வெந்நீர் கொண்டுவந்து வைக்கிறாள். அது எத்தனை பேருடைய பங்கு என்று கேட்க வந்தவருக்கு பாஷை போதாது. பாதி வாளியில் குளித்துவிட்டு மீதியை அப்படியே வைத்துவிடுகிறவர்கள் உண்டு. மறுநாள் அதில் துணி துவைக்கப்படுவதைப் பார்த்தவர்களும் உண்டு.

காற்றும் ஓட்டத்தோடு முடிந்துவிடுவதில்லை. 'இரிஃபி' என்று சஹ்ராவிகள் பெயரிட்டிருக்கும் வெப்பக் காற்று பல நாள் வீசும். கதவிடுக்கில் துணி செருகப்படும். மாவில் மணல், பாலில் மணல், தூங்கும் குழந்தையின் இமையில் மணல். கோடையில் வெப்பம் 45 டிகிரியைத் தாண்டும். எப்போதோ ஒருமுறை மழை பெய்தால் அதுவும் பகைதான். 2015 அக்டோபரில் பெய்த மழையில் ஆயிரக்கணக்கான மண் வீடுகள் கரைந்தன. ஐ.நா. அமைப்புகள் 2018ல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி முகாம்களில் 1,73,600 பேர் இருந்தார்கள். பெரும்பாலானவர்கள் உலகம் அனுப்பும் ரேஷனை நம்பி வாழ்கிறவர்கள். உதவிப் பணம் வேறு போர்களுக்கும் வேறு அகதிகளுக்கும் பங்கு போகப் போக, ரேஷனும் மெலிகிறது.

ஓட்டப்பந்தயம் இதில் எதை மாற்றிவிட்டது என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். நியாயமான கேள்வி. வருகிறவர்கள் ஒரு வாரத்தில் விமானம் ஏறிவிடுகிறார்கள். எல்லை ஒரு அங்குலம்கூட நகரவில்லை. முகாமில் பிறந்தவர்களுக்கே பேரன், பேத்தி பிறக்கும் காலம் வந்துவிட்டது. சொந்த ஊரைக் கண்ணால் காணாதவர்களே இன்று அதிகம். ஆனாலும் பந்தயத்தின் பணம் முகாமின் சில வேலைகளுக்கு உதவுகிறது. அதைவிட முக்கியம், நான்கைந்து மணி நேரம் அந்தக் காற்றைத் தின்றவர்கள் ஊர் திரும்பியதும் மேற்கு சகாரா எங்கே இருக்கிறது என்று மற்றவர்களுக்குச் சொல்கிறார்கள். மறந்துபோவதுதான் பெரிய ஆபத்து என்று நினைக்கும் மக்களுக்கு இது சிறிய விஷயமல்ல.

முகாம்களின் பெயர்களும் மறக்காமலிருக்க வைத்தவைதான். எல் அயூன், அவுசர்த், ஸ்மாரா, தாக்லா. எல்லாம் விட்டுவந்த ஊர்களின் பெயர்கள். அசல் எல் அயூன் கரைக்கு அந்தப் பக்கம், அட்லாண்டிக் கடலோரத்தை ஒட்டி இருக்கிறது. அசல் ஸ்மாரா உள்நாட்டில், அங்கிருந்து 200 கி.மீ.க்கும் மேல். முகாமில் பிறந்த ஓர் இளைஞன் எல் அயூனில் புறப்பட்டு, காற்றைக் கிழித்துக்கொண்டு ஸ்மாராவை அடைந்து பதக்கம் வாங்கிக்கொள்கிறான். அசல் ஊர்களுக்கிடையே அப்படி ஓடும் அனுமதி அவனுக்கு இல்லை. அன்று மாலை வீசும் காற்றுக்கு மட்டும் அந்தத் தடை கிடையாது.