அரிப்புக்குக் கிடைத்த சலுகை

 

2024ஆம் ஆண்டின் ரமளான், பங்குனி வெயிலோடு சேர்ந்து வந்தது. எங்கள் தளவாய்புரத்து வெயிலை அறிந்தவர்களுக்கு அதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. மேற்கே மலை நீலமாக நின்றுகொண்டிருக்கும். அதன் குளிர்ச்சி மட்டும் தெருவுக்குள் இறங்காது. இவ்வூரில் தெருவுக்குத் தெரு நைட்டி தைக்கும் ஓசை கேட்கும். எங்கள் வீட்டின் பின்கட்டிலும் தகரக் கூரையின் கீழ் மூன்று தையல் இயந்திரங்கள் ஓடுகின்றன. ஒன்றில் நான், ஒன்றில் நாத்தனார், ஒன்றில் அம்மா. அத்தா மவுத்தான பிறகு அம்மா எங்களோடுதான் இருக்கிறார்.

அந்த நோன்பில் என் நான்கு வயது மகனுக்குக் கழுத்திலும் முதுகிலும் வேர்க்குரு சிவந்து எழும்பியது. இரவெல்லாம் சொறிந்து அழுதான். மறுநாள் மருந்துக் கடைக்குச் சென்று, “பிள்ளைக்கு அரிப்பு” என்று மட்டும் சொல்லி ஒரு களிம்பு வாங்கி வந்தேன். இரண்டே நாளில் சிவப்பு அடங்கியது. மீதிக் களிம்பை அலமாரியில் வைத்துவிட்டு அதை மறந்துபோனேன். அம்மா மறக்கவில்லை.

சித்திரை போய்க் கத்திரி வெயில் உச்சத்தில் இருந்தபோது ஒன்றைக் கவனித்தேன். மஃரிபுக்கு எங்களோடு ஒரே வரிசையில் நின்று தொழும் அம்மா, “என்னால் மெதுவாகத்தான் தொழ முடிகிறது, நீங்கள் தொழுங்கள்” என்று பின்னறைக்குப் போய்விடுவார். முதுமையின் தளர்ச்சி என்று எண்ணிக்கொண்டேன். ஒருநாள் லுஹர் நேரத்தில் அந்த அறைக்குள் நுழைந்தபோது, அம்மா தொழுகை விரிப்பில் அமர்ந்து அழுதுகொண்டிருந்தார். இடுப்பைச் சுற்றியும் அக்குளிலும் வட்ட வட்டமாகத் தோல் சிவந்து படர்ந்திருந்தது. நகம் பட்ட இடங்களில் இரத்தம் கசிந்திருந்தது.

“தக்பீர் கட்டினால் கை அங்கேயே போகிறது தாயி. ரப்புக்கு முன்னால் நின்று சொறிந்துகொண்டே இருக்கிறேன். இது என்ன தொழுகை?” என்றார்.

ஏன் இத்தனை நாள் சொல்லவில்லை என்று கேட்டேன். “வேர்க்குருதானே? பிள்ளைக்குக் கேட்ட மருந்து எனக்கும் கேட்கும் என்று நினைத்தேன். இதையெல்லாம் ஒரு நோவு என்று வாய்விட்டுச் சொல்வார்களா?” என்றார்.

மறுநாளே இராஜபாளையத்தில் ஒரு தோல் மருத்துவரிடம் அழைத்துச் சென்றேன். அவர் களிம்பின் அட்டையைப் பார்த்ததும் தலையை அசைத்தார். மகனுக்கு வந்தது வேர்க்குரு. அம்மாவுக்கு வந்திருப்பது படர்தாமரை என்னும் பூஞ்சைத் தொற்று. அந்தக் களிம்பில் ஸ்டீராய்டு கலந்திருந்தது. அதைத் தடவியதும் சிவப்பும் அரிப்பும் குறையும். ஆனால் அந்த இடத்தில் தோலின் எதிர்ப்பாற்றலும் குறைவதால் பூஞ்சை தடையின்றிப் படரும். நிறுத்தினால் முன்னிலும் கடுமையாகத் திரும்பும். நாட்பட்டால் தோல் மெலிந்து வரிகள் விழும். இத்தகைய ஸ்டீராய்டு களிம்புகளை மருத்துவர் சீட்டின்றி விற்கலாகாது என்று 2018ஆம் ஆண்டிலேயே ஒன்றிய அரசு விதி செய்திருக்கிறது என்றும் அவர் கூறினார். விற்றவர் மீது குறை கூற எனக்கு வாய் வரவில்லை. சீட்டில்லாமல் கேட்டு வாங்கியவள் நான்தான்.

அன்றிரவு அம்மாவுக்கு ஒரு நபிமொழியை நினைவூட்டினேன். ஆண்களுக்குப் பட்டாடை விலக்கப்பட்டது என்பதை நாம் அறிவோம். ஆயினும் அப்துர் ரஹ்மான் பின் அவ்ஃப் (ரலி), ஸுபைர் பின் அவ்வாம் (ரலி) ஆகிய இருவருக்கும் உடலில் அரிப்பு ஏற்பட்டபோது, பட்டு அணிந்துகொள்ள நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அனுமதி அளித்தார்கள். அனஸ் (ரலி) அறிவிக்கும் இச்செய்தி புகாரியிலும் முஸ்லிமிலும் இடம்பெற்றுள்ளது. இருவரும் சுவர்க்கத்துக்கு நன்மாராயம் பெற்றவர்கள். போர்க்களங்களைக் கண்ட வீரர்கள். அவர்களும் அரிப்பைப் பொறுத்துக்கொண்டு மறைக்கவில்லை. “இது ஒரு நோவா?” என்று எவரும் அவர்களிடம் கேட்கவும் இல்லை. விலக்கப்பட்ட ஆடையையே அந்தத் துன்பத்தின் பொருட்டு மார்க்கம் அனுமதித்தது.

அம்மா சிறிது நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, “அரிப்புக்கா? அரிப்புக்காகவா அப்படி?” என்று இரண்டு முறை கேட்டார்.

சகோதரிகளே, இக்கட்டுரையை எழுதத் தூண்டியது அந்தக் கேள்விதான். வெயில் காலத்து அரிப்பைச் சிறிதென்று மறைப்பதும், எந்த அரிப்பென்று பாராமல் ஏதோவொரு களிம்பைத் தடவுவதும் நம் வீடுகளில் வழக்கமாகிவிட்டன. இரண்டையும் நாம் கைவிட வேண்டும்.

வேர்க்குரு எப்படி உண்டாகிறது என்று அறிந்தால் வீட்டு மருத்துவம் எளிதாகிவிடும். நம் உடலில் ஏறத்தாழ 20 முதல் 40 இலட்சம் வியர்வைச் சுரப்பிகள் உள்ளன. வியர்வை வெளியேறும் நுண்குழாய் அடைபட்டால், அந்த வியர்வை தோலுக்குள்ளேயே கசிந்து சிறு கொப்புளமாகிறது. ஊசி குத்துவது போன்ற அரிப்பு அதனால்தான். குழந்தைகளின் வியர்வைக் குழாய்கள் முழு வளர்ச்சி அடையாதவை. ஆகவே அவர்களுக்கு எளிதில் வருகிறது. இதற்குத் தலையாய மருந்து குளிர்ச்சி. வியர்ப்பது நின்றால் சில நாட்களில் தானே அடங்கிவிடும். அய்யூப் (அலை) அவர்களின் நெடுந்துன்பம் நீங்கும் வேளையில், குளிப்பதற்கும் பருகுவதற்கும் குளிர்ந்த நீரை அல்லாஹ் அருளினான் என்று ஸாத் அத்தியாயம் கூறுகிறதல்லவா? குளிர்ந்த நீர் எளிய அருட்கொடைதான்; நாம்தான் அதை மருந்தென்று எண்ணுவதில்லை.

நம் ஊரில் நண்பகலில் மாடித் தொட்டியின் நீர் கை வைக்க முடியாதபடி கொதிக்கும். ஆகவே ஃபஜ்ருத் தொழுததும் இரண்டு வாளி நீர் பிடித்து நிழலில் மூடி வைத்துவிடுகிறோம். பிள்ளைகளுக்கு நண்பகல் குளியல் அதிலேதான். நாரால் தேய்ப்பதில்லை, சோப்பும் அளவோடுதான். துண்டால் அழுத்தித் துடைக்காமல் ஒற்றி எடுக்கிறோம். அரிப்பு மிகும் இடத்தில் ஈரத்துணியைச் சிறிது நேரம் போட்டு வைப்பது உடனே ஆறுதல் தரும். பக்கத்துச் சத்திரப்பட்டியில் நெய்யப்படும் மருத்துவத் துணி இதற்கு மிகவும் ஏற்றது. மெல்லியது, நீரை நன்கு உறிஞ்சுவது. கேலமைன் நீர்மத்தை மெலிதாகத் தடவலாம். நன்னி காலத்தில் நுங்கின் நீரைத் தடவுவார்கள். அதன் குளிர்ச்சி பிள்ளைகளுக்குப் பிடித்திருக்கிறது; தடவிய சிறிது நேரத்தில் கழுவிவிட்டால் பிசுபிசுப்பும் இராது.

செய்யக் கூடாதவையும் உண்டு. தேங்காய் எண்ணெய், வாசலின் போன்றவற்றை வேர்க்குரு மேல் பூசினால் அடைபட்ட குழாய் மேலும் அடைபடும். பவுடரை அள்ளிக் கொட்டினால் வியர்வையில் குழைந்து மடிப்புகளில் படிந்துவிடும். கைக்குழந்தையின் மூச்சிலும் அது புகும். எலுமிச்சையும் உப்பும் தேய்த்தால் புண்ணாகும். பிள்ளைகளின் நகத்தை வாரந்தோறும் வெட்டிவிடுங்கள். ஜும்ஆ நாளில் நகம் வெட்டும் வழக்கம் நம் வீடுகளில் இருப்பதால் இது மறக்காது.

எல்லா அரிப்பும் வேர்க்குரு அன்று. வட்டமாக ஓரம் சிவந்து விரிந்தால் அது படர்தாமரையாக இருக்கலாம். விரல் இடுக்கிலும் மணிக்கட்டிலும் தோன்றி, இரவில் மிகுந்து, வீட்டில் ஒருவர் பின் ஒருவராகச் சொறியத் தொடங்கினால் அது சிரங்காக இருக்கலாம். அப்போது வீட்டார் அனைவரும் ஒரே நேரத்தில் மருந்து போட்டால்தான் தீரும். சீழ் வைத்தாலோ, காய்ச்சல் கண்டாலோ, சில நாட்களில் அடங்காவிட்டாலோ கை மருந்தை நிறுத்திவிட்டு மருத்துவரிடம் செல்லுங்கள். ஒருவருக்கு எழுதிய களிம்பை மற்றவர் தொட வேண்டாம்.

எங்கள் வீட்டிலும் சில மாற்றங்கள் செய்தோம். தகரக் கூரையின் மேல் வெள்ளைச் சுண்ணாம்பு அடித்தோம். கடும் வெயில் வேளையில் இயந்திரங்களை நிறுத்தி, விட்ட வேலையை அஸருக்குப் பின் தொடர்ந்தோம். கணக்கில் சில உருப்படிகள் குறைந்தன. என் கணவர் அதற்கு ஒரு சொல்லும் சொல்லவில்லை. அம்மாவின் துணிகளைத் தனியே வெந்நீரில் துவைத்து வெயிலில் உலர்த்தினோம். அரிப்பு குறைந்துவிட்டதென்று பாதியில் விடாமல், மருத்துவர் சொன்ன நாள் முழுவதும் மருந்து போட்டோம்.

இன்னொன்றும் உண்டு, அதை எழுதும்போது வெட்கமாக இருக்கிறது. ஊரார் காற்றோட்டமாக உடுத்திக்கொள்ளப் பருத்தி நைட்டிகளைப் பகலெல்லாம் தைத்து அனுப்பும் நாங்கள், வெளியே செல்லும்போது பாலியெஸ்டர் புர்காவைத்தான் அணிந்து வந்தோம். அது வியர்வையை உறிஞ்சாது. ஈரம் உடலோடு ஒட்டியே இருக்கும். பூஞ்சைக்கு வேண்டியதும் அந்த ஈரமும் வெப்பமும்தான். மறைக்க வேண்டியதை மறைப்பதற்குப் பளபளக்கும் செயற்கைத் துணிதான் வேண்டும் என்று யாரும் விதிக்கவில்லை. கறுப்புப் பருத்தித் துணி எடுத்து, அக்குளில் சற்று அகலம் விட்டு, அம்மாவுக்கு ஒரு புர்கா தைத்தேன். இத்தனை ஆண்டுகளில் அவருக்கென்று நான் தைத்த முதல் உடை அது.

ஜூன் 17இல் பக்ரீத் வந்தது. வடுக்கள் அப்போது முழுதாக மறைந்திருக்கவில்லை. அன்று மஃரிபுக்கு நாங்கள் வரிசையாக நின்றபோது, அம்மா பின்னறைக்குச் செல்லாமல் என் அருகில் வந்து நின்றார். தொழுகை முடியும்வரை அவர் கை, கட்டிய இடத்தைவிட்டு அகலவில்லை.

உங்கள் வீட்டிலும் யாரேனும் தனியறைக்குப் போய்த் தொழுகிறார்களா, யாரேனும் கழுத்தைத் துணியால் மூடிக்கொள்கிறார்களா என்று இந்த வெயில் காலத்தில் ஒருமுறை பாருங்கள். அவர்களாகச் சொல்ல மாட்டார்கள். நாம்தான் கேட்க வேண்டும்.

நோயைத் தந்து நிவாரணத்தையும் தரும் அல்லாஹ், நம் பெற்றோருக்கும் பிள்ளைகளுக்கும் உடல் நலத்தை வழங்குவானாக. ஆமீன்.